தனிப்படகும் கூட்டுப்பயணமும்

நுழையும்முன்

கடலில் செல்லும் கலங்களுள் மிகச் சிறியவற்றுள் ஒன்று கயாக். பெரும்பாலும் அதில் ஒருவரே அமர முடியும். ஆயினும், பாறைகள் சூழ்ந்த தீவொன்றைக் கயாக்கில் சுற்றிவர விரும்புவோர் கற்கும் முதற்பாடம், தனியே செல்லலாகாது என்பதே. நீரின் ஏற்றவற்றம், அலை, காற்று, குளிர் ஆகியவற்றை அறிந்து, தோழரோடு ஒத்துச் செல்லும் அக்கலையை வேல்ஸ் நாட்டின் ராம்சே தீவை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

உடலுக்கு அளந்த ஓடம்

கயாக் வட துருவத்தை ஒட்டிய பனிநிலங்களில் பிறந்தது. கிரீன்லாந்து முதலிய பகுதிகளில் வாழும் இனுவிட் மக்கள் கடல்நாய்களை வேட்டையாட இவ்வோடத்தைப் பல நூற்றாண்டுகளாகப் பயன்படுத்தினர். மரங்கள் வளராத அந்நிலத்தில், கடல் கொண்டுவந்து கரையில் ஒதுக்கிய மரத்துண்டுகளே சட்டகம் ஆயின. அச்சட்டகத்தின்மீது கடல்நாயின் தோலைப் போர்த்தி, நீர் புகாதவாறு நரம்புநூலால் தைத்தனர். தைக்கும் பணி பெரும்பாலும் பெண்களுடையது. வேட்டைக்குச் செல்பவரின் உயிர், வீட்டில் இருப்பவரின் தையலில் அடங்கியிருந்தது. ஒருவர் அமரும் ஓடத்திலும் மற்றொருவரின் உழைப்பு உடன் சென்றது.

ஓடம் அதனைச் செலுத்துபவரின் உடலளவுக்கு ஏற்பவே கட்டப்பட்டது. அவர் கால்களை முன்னே நீட்டி அமர்ந்து, தம் மேலாடையின் விளிம்பை அமருமிடத்தின் வளையத்தோடு இறுகக் கட்டிக்கொள்வார். அலை மேலே புரண்டாலும் நீர் உள்ளே புகாது.

இன்றைய கடற்கயாக்கும் இதே அமைப்பின் வளர்ச்சிதான். அதன் நீளம் ஏறத்தாழ 5 மீட்டர். அகலம் 60 சென்டிமீட்டருக்கும் குறைவு. தோலுக்கு மாற்றாகக் கண்ணாடி இழையோ நெகிழியோ பயன்படுகிறது. முன்புறமாகிய அணியத்திலும் பின்புறமாகிய அமரத்திலும் நீர் புகாத அறைகள் உள்ளன. ஓடம் கவிழ்ந்து நடுப்பகுதியில் நீர் நிறைந்தாலும் இவ்வறைகள் அதனை மூழ்கவிடா. இரு முனைகளிலும் தட்டையான அலகு கொண்ட ஒரே துடுப்பால் இடமும் வலமும் மாறிமாறி நீரைத் தள்ளிச் செல்வர். பயிற்சி பெற்ற ஒருவர் மணிக்கு ஏறத்தாழ 6 கிலோமீட்டர் செல்வார். இந்த எண்ணை நினைவில் கொள்ள வேண்டும். பின்னர் இது பயன்படும்.

தெரியுமா?

நம் கடற்கரையின் கட்டுமரமும் கயாக்கும் ஒரே சிக்கலுக்குக் காணப்பட்ட இருவேறு தீர்வுகள். கட்டுமரத்தின்மேல் ஏறும் நீர் மரங்களின் இடுக்கு வழியே வடிந்துவிடும். மரங்கள் மிதந்துகொண்டே இருக்கும். நீரை வழிந்தோட விடுவது கட்டுமரத்தின் முறை. நீரை உள்ளே விடாது தடுப்பது கயாக்கின் முறை. வெப்பக் கடலுக்கு முன்னதும் குளிர்க் கடலுக்குப் பின்னதும் பொருந்தின. ஆங்கிலத்தில் இரட்டை அடிப்பாகம் கொண்ட கலத்தைக் குறிக்கும் ‘கேட்டமரான்’ என்னும் சொல் கட்டுமரம் என்னும் தமிழ்ச் சொல்லிலிருந்து பிறந்ததாகும்.

ராம்சே தீவு

பிரிட்டனின் மேற்குப் பகுதியாகிய வேல்ஸ் நாட்டில், பெம்புரோக்சயர் கடற்கரைக்கு அருகில் உள்ளது ராம்சே. ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நீளமுள்ள சிறு தீவு அது. அதன் உயரமான குன்று 136 மீட்டர் எழுந்து நிற்கிறது. மேற்கே அட்லாண்டிக் பெருங்கடலை நோக்கிச் செங்குத்துப் பாறைகளும், அவற்றின் அடியில் அலை குடைந்த குகைகளும் உள்ளன. கிழக்கே, தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையில் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் அகலமே உடைய நீரிணை ஓடுகிறது.

கரையிலிருந்து நோக்குவோர்க்கு அந்நீரிணை எளிதில் கடக்கத்தக்கதாகவே தோன்றும். ஆனால், தீவிலிருந்து ஒரு பாறைவரிசை நீரிணைக்குள் நீண்டு நிற்கிறது. அகன்ற கடல்நீர் அக்குறுகிய வழியில் புகும்போது விரைவு கூடுகிறது. பாறைவரிசைக்கு மேற்புறமும் கீழ்ப்புறமும் நீர்மட்டம் வேறுபடுவதைக் கண்ணாலேயே காணலாம். கடல் அங்கே ஆறுபோல் பாய்கிறது. ‘குதிரைப் பாறை’ என்று பெயர்பெற்ற வேறொரு பாறையோ நீர் ஏறும்போது மறைந்தும் வற்றும்போது வெளிப்பட்டும் சுழல்களை உண்டாக்குகிறது.

நீரோட்டம் வலுத்த வேளையில் இந்நீரிணையின் விரைவு மணிக்கு 6 கடல்மைல், அதாவது ஏறத்தாழ 11 கிலோமீட்டர் வரை செல்லும். கயாக் செலுத்துபவரின் விரைவோ 6 கிலோமீட்டர். எதிர்த்துச் செல்ல முயல்பவர் முழு வலிமையோடு துடுப்பிட்டாலும் மணிக்கு 5 கிலோமீட்டர் பின்னோக்கியே கொண்டுசெல்லப்படுவார். இங்கே தோள்வலிமை பயன்படாது. காலம் அறிதலே பயன்படும்.

நீரின் கணக்கு

நிலவும் கதிரவனும் ஈர்ப்பதால் கடல்நீர் ஏறுவதையும் இறங்குவதையும் ஓதம் என்கிறோம். சென்னைக் கடற்கரையில் நீர் மிகுதியாக ஏறி இறங்கும் நாள்களிலும் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே உள்ள வேறுபாடு ஏறத்தாழ ஒரு மீட்டரே. வேல்ஸ் கடற்கரையில் அது பன்மடங்கு மிகுதி. முழுநிலா, புதுநிலா நாள்களை ஒட்டி அவ்வேறுபாடு மேலும் கூடும். அரைநிலா நாள்களை ஒட்டிக் குறையும்.

நீர் வற்றிய நிலையிலிருந்து முழுதும் ஏற ஏறத்தாழ 6 மணி நேரம் ஆகிறது. ஆனால், அது ஒரே சீராக ஏறுவதில்லை. மொத்த ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காகக் கொண்டால், முதல் மணியில் 1 பங்கு, இரண்டாம் மணியில் 2, மூன்றாம் மணியில் 3, நான்காம் மணியில் 3, ஐந்தாம் மணியில் 2, ஆறாம் மணியில் 1 பங்கு என்ற அளவில் நீர் ஏறும். இதனை மாலுமிகள் ‘பன்னிரண்டின் விதி’ என்பர். மொத்த ஏற்றம் 4 மீட்டர் என்று கொண்டால், மூன்றாம் மணியில் மட்டும் நீர் 1 மீட்டர் உயரும். சென்னையில் ஆறு மணி நேரத்தில் நிகழ்வது அங்கே ஒரு மணி நேரத்தில் நிகழ்ந்துவிடும். சற்றுமுன் வெளிப்பட்டிருந்த பாறை சற்றுப்பின் நீருக்கடியில் மறைந்திருக்கும்.

இவ்விதி நீர்மட்டத்தையே கூறும். நீரோட்டம் திசை மாறும் வேளை இடத்துக்கு இடம் வேறுபடும். அது நீர் ஏறி முடிந்த வேளையாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. ஆகவே, அவ்விடத்துக்குரிய ஓத அட்டவணையையும் நீரோட்டக் குறிப்பையும் பார்த்தே பயணத்துக்கு நாள் குறிக்க வேண்டும்.

நண்பர் ஐவர் ராம்சேயைச் சுற்றிவர விரும்புகின்றனர் எனக் கொள்வோம். அவர்கள் தீவின் வடகிழக்கே உள்ள ஒயிட்சாண்ட்ஸ் விரிகுடாவிலிருந்து புறப்படுகின்றனர். நீரோட்டம் தெற்கு நோக்கி மெல்ல ஓடும் இறுதிப் பகுதியில் நீரிணை வழியே கீழிறங்குகின்றனர். ஓட்டம் ஓய்ந்து திசை மாறும் இடைவேளையில் தென்முனையை அடைகின்றனர். பின்னர் வடக்கு நோக்கித் திரும்பிய ஓட்டத்தோடு மேற்குப் பக்கமாக ஏறி, புறப்பட்ட இடத்துக்கு வந்து சேர்கின்றனர். போகும்போதும் வரும்போதும் கடலே அவர்களைச் சுமக்கிறது. ஒரு மணி நேரம் பிந்திப் புறப்பட்டால் இதே கடல் அவர்களைத் தடுத்து நிறுத்தும்.

காற்றும் அலையும் பாறையும்

நீரோட்டத்தை முன்கூட்டியே கணக்கிடலாம். காற்று அத்தகையதன்று. வானிலை அறிவிப்பைக் கேட்பதோடு, கரையில் நின்று கண்ணாலும் காண வேண்டும். நீரோட்டமும் காற்றும் ஒரே திசையில் சென்றால் கடல் ஓரளவு அடங்கி இருக்கும். ஓட்டத்துக்கு எதிராகக் காற்று வீசினால் அலைகளின் இடைவெளி சுருங்கி, உயரமும் செங்குத்தும் கூடும். காலையில் அமைதியாக இருந்த நீரிணை, காற்று மாறாமலேயே நண்பகலில் கொந்தளிக்கக்கூடும். மாறியது நீரோட்டத்தின் திசை.

தொலைவில் எழுந்த புயலின் அலைகள் பல நூறு கிலோமீட்டர் கடந்து, காற்றில்லாத நாளிலும் கரைக்கு வரும். ஆழ்கடலில் அவை கயாக்கை மெல்ல உயர்த்தித் தாழ்த்துமேயன்றித் தீங்கு செய்யா. நீரின் ஆழம் குறையும் இடத்தில்தான் அலை உடைகிறது. ஏறத்தாழ 1 மீட்டர் உயர அலை, 1.3 மீட்டர் ஆழத்தை அடையும்போது உடையும் என்பர். ஆழமற்ற பாறையின் மேல் பத்து அலைகள் உடையாமல் கடந்திருக்கலாம். பதினொன்றாவது பேரலையாக உடையலாம். பெரிய அலைகள் கூட்டமாக வருவதே இதற்குக் காரணம். எனவே, பாறை இடுக்கிலோ குகை வாயிலிலோ புகுமுன் சில நிமிடங்கள் விலகி நின்று அலைகளை எண்ண வேண்டும்.

செங்குத்துப் பாறையில் மோதும் அலை உடையாமல் திரும்பியும் வரும். வரும் அலையும் திரும்பும் அலையும் சந்திக்குமிடத்தில் நீர் கூம்புபோல் மேலெழும். அவ்விடத்தில் அலைக்குத் திசையே இராது. அத்தகைய பாறையைவிட்டு விலகிச் செல்வதே அறிவுடைமை. கரை அருகில் இருப்பதே பாதுகாப்பு என்னும் நம் இயல்பான எண்ணம் இங்கே தவறாகிவிடுகிறது.

கவிழ்ந்தபின்

கயாக் செலுத்துவோர் கவிழ்வது இயல்பு. அதற்கு ஆயத்தமாக இல்லாமையே குற்றம். வேல்ஸ் கடல்நீர் கோடையிலும் குளிர்ந்தே இருக்கும். மிகக் குளிர்ந்த நீரில் வீழ்பவர்க்கு முதல் ஒரு நிமிடத்தில் மூச்சுத் திணறும். அப்போது வாயில் நீர் புகுவதே உயிருக்கு இறுதியாகிவிடலாம். அடுத்த பத்து நிமிடங்களில் விரல்களும் கைகளும் வலுவிழக்கும். அதன் பின்னரே உடலின் உள்வெப்பம் ஆபத்தான அளவுக்குக் குறையத் தொடங்கும். நீச்சல் வல்லவரும் இவ்வரிசைக்கு விலக்கல்லர். ஆகவே, உயிர்காப்பு மிதவை உடையும் குளிர் தாங்கும் உடையும் இன்றிப் புறப்படலாகாது. காற்றின் வெம்மையைப் பார்த்து உடுத்தாமல், நீரின் குளிர்ச்சியைப் பார்த்து உடுத்த வேண்டும்.

கவிழ்ந்த ஓடத்தில் அமர்ந்தவாறே துடுப்பாலும் இடுப்பின் அசைவாலும் மீண்டும் நிமிர்ந்து எழும் முறையை இனுவிட் மக்கள் கண்டறிந்தனர். ஓடத்தைவிட்டு வெளியே வந்தால் குளிரில் உயிர் பிழைக்க முடியாத கடலில், அவர்களுக்கு அது விளையாட்டன்று; வாழ்வு. ஆங்கிலேயத் துருவ ஆய்வாளர் ஜினோ வாட்கின்ஸ் 1930–31ஆம் ஆண்டுகளில் கிரீன்லாந்தில் தங்கி, அம்மக்களிடம் இக்கலையைக் கற்றுத் தேர்ந்தார். 1932 ஆகஸ்டில் அதே கிரீன்லாந்தில் அவர் கடல்நாய் வேட்டைக்குக் கயாக்கில் தனியே சென்றார். பின்னர்த் தோழர்கள் கண்டது ஆளின்றி மிதந்த ஓடத்தை மட்டுமே. அவருடைய உடல் கிடைக்கவே இல்லை. அப்போது அவருக்கு வயது 25. கலையில் அவருக்குக் குறை இருந்ததில்லை. அருகில் ஒரு துணை இருந்ததில்லை.

துணை இருந்தால் என்ன நிகழும்? கவிழ்ந்தவர் ஓடத்திலிருந்து வெளிவந்து அதனைப் பற்றிக்கொண்டு மிதப்பார். தோழர் தம் ஓடத்தை அதன் அணியத்துக்குக் குறுக்கே கொண்டுவந்து, அணியத்தைத் தம் ஓடத்தின்மேல் தூக்குவார். உள்ளிருக்கும் நீர் வடியும். ஓடத்தை நிமிர்த்தித் தம் ஓடத்தோடு சேர்த்து இறுகப் பிடித்துக்கொள்வார். இணைந்த இரு ஓடங்கள் எளிதில் கவிழா. நீரில் இருப்பவர் ஏறி அமர்ந்துவிடுவார். பயிற்சி உடையோர்க்கு இவையனைத்தும் சில நிமிட வேலை. கை விரல்கள் வலுவிழக்குமுன் முடிந்துவிடும் வேலையும்கூட.

குழுவின் ஒழுங்கு

துணை என்பது உடன் செல்வது மட்டுமன்று. ஐந்து பேர் ஐந்து திசையில் சென்றால், அது ஐந்து தனிப்பயணங்களே ஆகும். குழுவாகச் செல்வதற்குச் சில ஒழுங்குகள் உண்டு.

முதலாவது, குழுவின் விரைவு என்பது அதில் மெதுவாகச் செல்பவரின் விரைவே. இரண்டாவது, குரல் கேட்கும் தொலைவைத் தாண்டி யாரும் விலகலாகாது. அலையோசையில் குரல் கேளாதபோது துடுப்பை உயர்த்திக் காட்டும் குறிப்புகளை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது, புறப்படும் நேரம், செல்லும் வழி, திரும்பும் நேரம் ஆகியவற்றைக் கரையில் ஒருவரிடம் சொல்லிச் செல்ல வேண்டும். நான்காவது, திரும்பிவிடும் முடிவை எங்கே எடுப்பது என்பதைக் கரையிலேயே உறுதி செய்துகொள்ள வேண்டும்.

இந்நான்காவதே கடினமானது. நம் நண்பர் ஐவரும் தென்முனையை அடைந்துவிட்டனர். மேற்கே பார்க்கின்றனர், எதிர்பார்த்ததைவிட அலை பெரிதாக உள்ளது. நால்வர் செல்லலாம் என்கின்றனர். ஒருவர் மட்டும் களைத்திருக்கிறார். ஆனால் தம்மால் மற்றவர்களின் நாள் வீணாகுமே என்று வாய் திறவாதிருக்கிறார். அவ்விடத்தில் அவரது அமைதியே பாறையினும் ஆபத்தானது. நீரோட்டம் இப்போதுதான் வடக்கு நோக்கித் திரும்பியுள்ளது. அது வலுக்குமுன் திரும்பினால், வந்த நீரிணை வழியே, தீவின் மறைவில், ஓட்டத்தின் துணையோடு கரை சேரலாம். அரைமணி நேரம் தயங்கினால் பாறைவரிசையில் நீர் பாயத் தொடங்கிவிடும். மேற்கே சிறிது தொலைவு சென்றுவிட்டாலோ, செங்குத்துப் பாறைகளுக்கு அடியில் எளிதில் ஒதுங்க இடமில்லை.

களைத்தவர் அதனைச் சொல்லத் துணிய வேண்டும். கேட்பவர் முகம் சுளிக்காமல் ஏற்க வேண்டும். ‘முடியவில்லை’ என்னும் ஒரு சொல்லை அச்சமின்றிச் சொல்லக்கூடிய குழுவே பாதுகாப்பான குழு. தீவு அடுத்த வாரமும் அங்கேயே இருக்கும்.

பாறையில் கழிந்த இரவு

ராம்சே நீரிணையின் ஆற்றலையும் துணையின் மதிப்பையும் ஒருங்கே காட்டும் நிகழ்ச்சி 1910ஆம் ஆண்டு அக்டோபரில் நடந்தது. புயலில் சிக்கிய ‘டெமாக்ரட்’ என்னும் கலத்தில் மூவர் தவித்தனர். எதிர்க்கரையில் உள்ள புனித ஜஸ்டினியன் துறையிலிருந்து ‘ஜெம்’ என்னும் உயிர்மீட்புப் படகு விரைந்தது. மூவரையும் மீட்டுத் திரும்பும்போது நீரோட்டம் அப்படகைப் பாறைவரிசையில் மோதி உடைத்தது. படகின் தலைவர் உள்ளிட்ட மீட்பர் மூவர் உயிரிழந்தனர். எஞ்சியோர் பாறைகளைப் பற்றிக்கொண்டு இரவைக் கழித்தனர்.

மறுநாள் சிறு துடுப்புப் படகொன்றில் துணைவரோடு சென்று அவர்களை மீட்டவர் சிட்னி மார்ட்டிமர் என்னும் இளைஞர். அப்போது அவருக்கு வயது 18. அவருக்கு வெள்ளிப் பதக்கம் வழங்கப்பட்டது. உயிர்மீட்புப் படகின் தலைமைப் பொறுப்பும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவருக்குத் துணிவு இருந்தது. பிறந்தது முதல் பார்த்துப் பழகிய நீரைப் பற்றிய அறிவும் இருந்தது. அறிவோடு கூடிய துணிவே பிறரைக் கரை சேர்க்கும்.

விருந்தினராய்ச் செல்லுதல்

தீவைச் சுற்றுவோர் அங்கு விருந்தினரே. அதற்கு உரியவர் வேறு. ராம்சே 1992 முதல் பறவைகள் பாதுகாப்புக் கழகம் ஒன்றின் காப்பிடமாக உள்ளது. மண்வளைகளில் முட்டையிடும் கடற்பறவைகள், கலங்கள் வழியே வந்து பெருகிய எலிகளால் அங்கு அழிவுற்றிருந்தன. 1999–2000ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் எலிகள் முற்றிலும் அகற்றப்பட்டன. அதன்பின் பறவைகள் மீண்டும் பெருகின. ஒரு சிற்றுயிர் தீவின் வாழ்வையே மாற்றிவிடக்கூடும் என்பதற்கு அது சான்று.

இலையுதிர் காலத்தில் தீவின் கூழாங்கற் கரைகளிலும் குகைகளிலும் சாம்பல்நிறக் கடல்நாய்கள் குட்டி ஈனும். வெண்மயிர்க் குட்டிகள் ஏறத்தாழ மூன்று வாரம் தாய்ப்பாலையே நம்பி வாழும். அருகே செல்லும் ஓடத்தைக் கண்டு தாய் மிரண்டு கடலில் பாய்ந்தால் குட்டி பாலின்றித் தவிக்கும். கயாக்கிற்குப் பொறியோசை இல்லை. அதனாலேயே அது எதிர்பாராமல் மிக அருகில் சென்றுவிடும். அமைதியான கலத்துக்குப் பொறுப்பு மிகுதி. அக்காலத்தில் குகைகளில் புகாமலும் கரைகளில் இறங்காமலும் விலகிச் செல்வதே பண்பு.

நிறைவாக

ராம்சே தொலைவில் உள்ளது. அதன் குளிர்நீரும் விரைந்த ஓட்டமும் நம் கடலுக்கு உரியன அல்ல. ஆயினும், நீரில் இறங்குமுன் அதனை அறிதல், மெதுவாக வருபவரோடு இணைந்து செல்லுதல், இயலாதபோது இயலாது எனல், அவ்வாறு சொல்பவரை மதித்தல் ஆகியன எல்லாக் கரைகளுக்கும் உரியவை. நண்பர்களோடு ஆற்றுக்கோ கடற்கரைக்கோ செல்லும் ஒவ்வொரு நாளும் இவை வேண்டப்படுகின்றன. ஓடத்தில் ஓர் இருக்கைதான் உண்டு. கரைக்குத் திரும்பும்போது எண்ணிப் பார்க்க வேண்டியதோ, புறப்பட்ட அனைவரையும்.